ஆட்சி மாறும் காலத்தில் உயிலை எடுத்துச் சரிபார்ப்பது எப்படி

தேர்தல் நெருங்கினாலே 'வாரிசுச் சொத்துக்கு வரி வரப்போகிறதாம்' என்ற பேச்சு கிளம்பிவிடும். 2024 நாடாளுமன்றத் தேர்தலிலும் கிளம்பியது. அந்தப் பயத்தில் வீட்டை அவசர அவசரமாகப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு அரசு வாங்கிய எஸ்டேட் டியூட்டி என்ற வரி 1953-இல் வந்து 1985-இல் எடுக்கப்பட்டது. உயில் வழியாக வரும் சொத்தை வாங்கிக்கொள்பவர் அதற்காக வருமான வரி கட்ட வேண்டியதும் இல்லை.

செய்தி எதுவானாலும் அது மேடைப் பேச்சா, மசோதாவா, அமலுக்கு வந்த சட்டமா என்று முதலில் பாருங்கள். அமல் தேதி அரசிதழில் வரும் வரை கையெழுத்து எதுவும் வேண்டாம். சொத்து யாருக்குப் போகும் என்பது, எழுதியவர் இறக்கும் நாளில் உள்ள சட்டப்படி முடிவாகும். அதனால்தான் நல்ல உயிலைக்கூட சில வருடங்களுக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உயிலின் அசல், தாய்ப்பத்திரங்கள், இன்றைய பட்டா, புதிதாக எடுத்த வில்லங்கச் சான்றிதழ், வங்கி, காப்பீடு, டீமேட் கணக்குகளின் நாமினி விவரம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் சொத்து விவரப் பகுதி. 2019, 2020-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை என்று மாவட்டங்கள் பிரிந்தன. உங்கள் உயிலில் இன்னும் 'திருநெல்வேலி மாவட்டம், சர்வே எண் 112/3' என்று இருக்கும். இன்றைய பட்டாவில் அதே இடம் தென்காசி மாவட்டம், 112/3ஏ2 ஆகியிருக்கும். இதனால் மட்டும் உயில் செல்லாமல் போகாது. ஆனால் பட்டா மாற்றப் போகும் பிள்ளை, இரண்டும் ஒரே இடம்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். பழைய எண், புதிய எண், நான்கு எல்லை, பத்திர எண், பதிவான ஆண்டு ஐந்தையும் சேர்த்து எழுதிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

அடுத்தது பங்கு. பழைய உயில்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், பொறுமையாகப் பாருங்கள். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். அப்பா, இரண்டு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குப் பங்கில்லாத அந்தக் காலத்தில் அப்பாவின் பங்கு மூன்றில் ஒன்று. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-இல் அமலான மத்தியத் திருத்தம், திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. 2005-இல் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக இன்று அப்பாவின் பங்கு நான்கில் ஒன்று. 'முழு நிலமும் மகன்களுக்கு' என்று 1985-இல் எழுதியிருந்தால், மகளின் நான்கில் ஒரு பங்கை அந்த உயில் தொடவே முடியாது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் கதை வேறு; 2005 திருத்தம் அந்தப் பிரிவினையைத் தொடாது. அந்தப் பத்திரத்தைத் தேடி எடுத்து வையுங்கள். சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது, எனவே எது பூர்வீகம், எது சுயார்ஜிதம் என்று உயிலிலேயே பிரித்து எழுதுங்கள்.

கிறிஸ்தவர்கள் உயில் எழுதிய பிறகு திருமணம் செய்திருந்தால் அந்த உயில் ரத்தாகிவிட்டது; புதிதாக எழுத வேண்டும். முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. குடும்பத்தில் யாராவது உத்தரகாண்டில் குடியிருந்தால், 2025 ஜனவரி 27 முதல் அங்கே அமலில் உள்ள பொது சிவில் சட்டம் வாரிசுரிமையையும் தொடுகிறது.

நாமினி விஷயத்தில், 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம். ஆளுக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான். பொதுவாக நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. ஆயுள் காப்பீட்டில் மட்டும் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். உயிலில் ஒரு பெயர், வங்கியில் வேறு பெயர் என்று விட்டால் வழக்கு நிச்சயம்.

சென்னை எல்லைக்குள் உள்ள சொத்துக்கு இந்துக்களின் உயில் என்றால் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. அந்தக் கட்டாயத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு இருந்தால் இப்போதும் புரோபேட் வாங்குவதே நல்லது. நீதிமன்றத்துக்குப் போனால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகளும் உங்கள் வயதுக்காரர்கள் என்றால் உயிலை மாற்றி எழுத அதுவே போதுமான காரணம். உங்களைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பார்த்துப் போடுங்கள்.

மாற்றம் சின்னது என்றால் இணைப்பு உயில் போதும். அதற்கும் இரண்டு சாட்சி வேண்டும். பேனாவால் அடித்து ஓரத்தில் எழுதி வைப்பது செல்லாது. இரண்டு மூன்று இடம் மாறுகிறது என்றால் முழுசாக எழுதி, 'இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்ற வரியைப் போடுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் பழையது பதிவானது என்றால் புதியதையும் பதிவது சண்டையைக் குறைக்கும்.

'கட்டணம் ஏறுவதற்குள் செட்டில்மெண்ட் எழுதிவிடுவோம்' என்று சிலர் கிளம்புவார்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம்தான் செட்டில்மெண்ட். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டண உச்சவரம்பு 2023 ஜூலையில் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது. பதிவுக் கட்டணம் 4,000-லிருந்து 10,000 ஆனது. மொத்தம் 21,000 ரூபாய்தான் வித்தியாசம். அதற்காக வீட்டையே கைவிட்டுவிடக் கூடாது. உயிலை நாளைக்கே மாற்றலாம், செட்டில்மெண்டை மனம் மாறினால் திரும்பப் பெற முடியாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆயுட்கால அனுபவ உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் எழுத்தாகப் போடுங்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது அந்த வரி பெரிய பலம்.

அமெரிக்கப் பங்குகளை இங்கிருந்தே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே 2026 முதல் 1.5 கோடி டாலர் வரை எஸ்டேட் வரி இல்லை என்ற செய்தி, அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கேயே நிரந்தரமாக வாழ்பவர்களுக்கும்தான். இந்தியாவில் வாழும் இந்தியருக்கு விலக்கு வெறும் 60,000 டாலர். அதற்கு மேல் 40 சதவீதம் வரை வரி போகும். பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல், அங்கே எத்தனை வருடம் வசித்தார் என்பதை வைத்தே வெளிநாட்டுச் சொத்துக்கும் வாரிசு வரி முடிவாகிறது. மகனோ மகளோ அங்கே பத்து வருடம் தாண்டியிருந்தால், அவர்கள் பெயரில் இங்கே நிலம் வாங்கும் முன் அந்நாட்டு ஆலோசகரைக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் உயிலோடு ஒரு தாளை இணைத்து வையுங்கள்: எந்தச் சொத்தை எந்த ஆண்டு என்ன விலைக்கு வாங்கினீர்கள், 2001-க்கு முன் வாங்கியதென்றால் 2001 ஏப்ரல் 1-இல் அதன் மதிப்பு என்ன. பிள்ளைகள் விற்கும்போது மூலதன ஆதாய வரி அந்த விலையிலிருந்துதான் கணக்காகும். அசல் உயில் இருக்கும் இடம், அதை நிறைவேற்ற நீங்கள் நியமித்த நிறைவேற்றுநருக்குத் தெரிய வேண்டும். லாக்கரில் வைத்திருந்தால், அதைத் திறக்கும் நாமினியிடமும் சொல்லிவிடுங்கள்.