ஒட்டோமான் குதிரை அணிகள்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெறுங்கையால் தொடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பழம்பொருள் பாதுகாப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் சறுக்கும் இடங்கள் வேறு.

பளபளப்பாக்குவது

குதிரையின் நெற்றியையும் மூக்கையும் மூடும் முகக் கவசங்கள் பலவற்றை ஒட்டோமான் துருக்கியப் பேரரசின் கைவினைஞர்கள் செம்புத் தகட்டில் அடித்தார்கள். பாதரசத்தில் குழைத்த தங்கத்தை அதன்மேல் பூசி அனலில் காட்டினால், பாதரசம் ஆவியாகிவிடும். தங்கம் செம்பைப் பற்றிக்கொள்ளும். ‘தொம்பாக்’ எனப்படும் இந்த வேலையில் தங்கப் படலம் தலைமுடியைவிட மெல்லியது.

ஒரு பயிற்சிக்கூடத்தில், பித்தளை துலக்கும் பசையை எடுத்து இப்படிப்பட்ட கவசத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். பஞ்சு கறுக்கக் கறுக்க அவருக்கு உற்சாகம். மூக்குத் தண்டின் மேட்டில் செம்பு சிவப்பாகத் தெரிந்த பிறகுதான் கை நின்றது. நானூறு ஆண்டுகள் தாங்கிய தங்கம் அரை மணி நேரத்தில் பஞ்சோடு போயிற்று. நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “மறுபடி முலாம் பூசிவிடலாமே” என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். மின்முலாம் பூசினால் பழைய பூச்சின் தடயமே புதைந்துவிடும்.

தங்கத்தோடு முத்திரையும் மழுங்கியிருந்தது. இஸ்தான்புல்லின் ஹாகியா ஐரீன் தேவாலயம் ஒட்டோமான்களின் ஆயுதக் கிடங்காக இருந்தபோது, அங்கிருந்த கவசங்களில் குத்திய சிறு குறி அது. 1840ஐ ஒட்டி அக்கிடங்கின் பொருள்கள் பெருமளவில் பழைய இரும்பு விலைக்குப் போயின. சிதறியவற்றை அடையாளம் காண நமக்கு மிஞ்சியது அந்தக் குறிதான். தூசியை மென்தூரிகையால் தட்டுங்கள். அதற்குமேல் எதுவானாலும் உருப்பெருக்கியில் பார்த்து, மூத்தவரைக் கேட்டபின் செய்யுங்கள்.

முத்திரையைப் பார்த்ததும் பதிவேட்டில் ‘ஒட்டோமான்’ என்று எழுதுவது

எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகளின் கவசங்களிலும், ஈரானியக் கவசங்களிலும் அதே குறி உண்டு. கிடங்கில் இருந்ததற்குத்தான் அது சான்று.

எல்லாம் வியன்னாக் கொள்ளை என்பது

1683இல் ஒட்டோமான்கள் வியன்னாவை வளைத்த முற்றுகை முறிந்தபோது சேணங்களும் கூடாரங்களும் ஐரோப்பியர் கையில் சிக்கியது உண்மை. ஆனால் மாஸ்கோவின் கிரெம்ளினில் இருப்பவற்றில் பல, ரஷ்யாவின் சார் மன்னர்களுக்கு வந்த காணிக்கைகள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் விலைக்கு வாங்கியவையும், துருக்கிய பாணியில் ஐரோப்பாவிலேயே செய்தவையும் உண்டு. வந்த வழி தெரியாவிட்டால் பதிவேட்டில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

சேண விரிப்பை மடிப்பது

பட்டு இழையில் சுற்றிய உலோகச் சரிகை மடிப்பில் முறியும். தட்டையாக வையுங்கள்.

நீலப்பச்சைக் கற்களில் (டர்க்காய்ஸ்) எண்ணெய் தடவுவது

கூடாது. கல் எண்ணெயை உறிஞ்சி நிறம் மாறும்.