எகிப்திய முகமும் 64 கட்டமும்: பிக்சல் ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், சிறு சதுரக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பி வரையும் பிக்சல் ஓவியத்தைப் புதிதாகப் பழகும் நால்வர், பண்டைய எகிப்திய அரசர் ஒருவரின் முகத்தை வரைந்து திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். நான்கு கோப்புகளையும் அடுத்தடுத்துத் திறந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நானே வரைந்து யாருக்கும் காட்டாமல் ஒதுக்கி வைத்த படங்களை மறுபடி பார்ப்பது போலிருந்தது. அதே பூனைக்கண், அதே பிளாஸ்டிக் தங்கம், அதே கலங்கிய தலைத்துணி. விளிம்பு மங்கும் தூரிகையைத் தொடாதீர்கள், ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள் என்பன போன்றவற்றை எந்தப் பாடமும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எகிப்தைத் தொடும்போது தலைகாட்டும் தவறுகளையும், எனக்கு உண்மையிலேயே நட்டம் தந்த ஒரு தவறையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுவரையும் சிலையையும் கலப்பது

எகிப்திய முகம் என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் உருவத்துக்குள் குறைந்தது மூன்று மரபுகள் இருக்கின்றன. கல்லறைச் சுவர்களில் முகம் பக்கவாட்டில் இருக்கும். ஆனால் கண்ணும் தோள்களும் நேரே நம்மைப் பார்த்திருக்கும். வண்ணம் தட்டையாகப் பூசப்பட்டிருக்கும். 1912 டிசம்பர் 6 அன்று அமர்னாவில் சிற்பி துட்மோஸின் பட்டறையிலிருந்து கிடைத்த அரசி நெஃபர்டிட்டியின் சிலை, துட்டன்காமூனின் தங்க முகமூடி ஆகியவை நேர்முகங்கள். அங்கே ஒளியும் நிழலும் உண்டு. மூன்றாவது, ரோமானிய ஆட்சிக்கால ஃபாயும் வட்டாரத்து மம்மி முகப்படங்கள். மரப்பலகையில் மெழுகு வண்ணத்தாலும், பசைப்பொருளில் நிறப்பொடியைக் குழைத்த டெம்பரா வண்ணத்தாலும் தீட்டப்பட்ட அவற்றில் கன்னம் திரண்டு, மூக்கின் ஒரு பக்கம் இருண்டு, விழியில் ஒளிப்புள்ளியும் இருக்கும்.

புதியவர்கள் சுவரோவியத்தின் பக்கவாட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஃபாயும் பாணியில் இடப்பக்க விளக்கொளியை அடிக்கிறார்கள். கன்னம் உருண்டுவிடும், கண் மட்டும் தட்டையாக, முகத்தில் ஒட்டிய தபால்தலையைப் போல நிற்கும். நிழல் வேண்டுமானால் சிலையையோ ஃபாயும் படத்தையோ முன்மாதிரியாகக் கொள்ளுங்கள். சுவரோவியம்தான் வேண்டுமென்றால், முகத்துக்கு ஒரே தோல்நிறமும் அதைவிடச் சற்று அடர்ந்த ஒரு கோட்டு நிறமுமே போதும். அரசி நெஃபர்டாரியின் கல்லறையில் உள்ளதுபோலக் கன்னத்தில் மெல்லிய செம்மை ஒன்றைச் சேர்க்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

முடிவான அளவு தெரியாமல் வரையத் தொடங்குவது

இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு சிறு விளையாட்டுக் குழுவுக்காக 11 எகிப்திய முகங்களை வரைய ஒப்புக்கொண்டேன். உரையாடல் பெட்டியில் அவை எத்தனை பிக்சல் அகலத்தில் வரும் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பழகிய 64க்கு 64 கேன்வாஸைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். முதல் முகம் ஓர் அரசருடையது. தலையில் நெமெஸ் என்னும் கோடு போட்ட தலைத்துணி, அதில் ஒரு பிக்சல் தங்கம், ஒரு பிக்சல் நீலம் என்று மாறி மாறி ஓடும் வரிகள். அந்த நுணுக்கத்தில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வாரம் கழித்து எல்லா முகங்களையும் அனுப்பிய பிறகுதான், பெட்டியில் இருப்பது 48க்கு 48 இடம் என்று தெரிந்தது. சுருக்கினால் போயிற்று என்று நினைத்தேன்.

சுருக்கியபோது என்ன ஆயிற்று என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். 64ஐ 48 ஆக்குவது என்றால் நான்கு வரிசைக்கு ஒரு வரிசை போக வேண்டும். நிறங்களைக் கலக்காமல் சில பிக்சல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் நியரஸ்ட் நெய்பர் முறையில் சுருக்கும்போது தங்கம், நீலம், தங்கம், நீலம் என்ற நான்கில் கடைசி நீலம் விழுந்தது. அடுத்த நான்கிலும் அதே இடத்து நீலமே விழுந்தது. ஆக, நீலக் கோடுகளில் சரிபாதி காணாமல் போய், தங்கக் கோடுகள் இரண்டிரண்டாக ஒட்டித் தடித்துவிட்டன. சரி, பைலினியர் முறையில் மென்மையாகச் சுருக்கலாம் என்று பார்த்தால், பக்கத்துப் பக்கத்து நிறங்களைச் சராசரியாக்கும் அந்த முறை, தங்கத்தையும் நீலத்தையும் கலந்து சாம்பல் படிந்த பழுப்பை உண்டாக்கிற்று. அரசர் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டது போல ஆனார். நேர்பாதியாக 32க்குச் சுருக்கியிருந்தால் இன்னும் வேடிக்கையாகியிருக்கும்: ஒன்றுவிட்டு ஒன்று போவதால் துணி முழுவதும் தங்கமாகவோ முழுவதும் நீலமாகவோ மாறியிருக்கும். தலைத்துணியோடு இது நிற்கவில்லை. ஒரு பிக்சல் தடிப்பில் இருந்த கண்மைக் கோடு ஒரு முகத்தில் அறுந்தது, இன்னொரு முகத்தில் புருவத்தோடு ஒட்டிக்கொண்டது. அகன்ற கழுத்தணியின் மணிவரிசைகள் பல்லுப்போன சீப்பைப் போலாயின. 11 முகங்களையும் முதலிலிருந்து வரைந்தேன். அந்த மூன்று வாரத்துக்கு யாரிடமும் கூலி கேட்க முடியவில்லை, ஏனென்றால் தவறு என்னுடையது.

இதில் என்னை இன்னும் உறுத்துவது, நான் யாருடைய முகத்தை வரைந்துகொண்டிருந்தேனோ அவர்களுக்கு இந்தப் பாடம் தெரிந்திருந்தது என்பதே. எகிப்திய ஓவியர்கள் செம்மண் வண்ணத்தில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்து, நம் தச்சர்கள் நூலடிப்பதைப் போலவே அடித்து, முதலில் கட்டம் போட்டுக்கொண்டார்கள். நிற்கும் மனித உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியின் முடியெல்லை வரை 18 கட்டம். உச்சந்தலையைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதை மகுடமும் பொய்முடியும் மறைத்துவிடும். அரசர் மூன்றாம் துட்மோஸ் அமர்ந்திருக்கும் உருவம் கட்டங்களோடு தீட்டப்பட்ட பயிற்சிப் பலகை ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலகையில் இருக்கும் உருவத்தைச் சுவருக்கு ஏற்ற வேண்டுமென்றால், அவர்கள் கட்டங்களின் எண்ணிக்கையைத் தொடுவதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்குவார்கள். பிக்சல் ஓவியத்துக்கும் இதே விதிதான். எண்ணிக்கை 48 என்றால் 48இலேயே வரைய வேண்டும். திரையில் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பிக்சலையும் 2, 3, 4 என்று முழு எண் மடங்கில் மட்டும் பெருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு என்பது பெருக்கலில் செய்யும் அதே அழிவு.

அந்த 18 கட்டக் கணக்கு, உடலின் எந்தப் பகுதிவரை வரைவது என்ற கேள்விக்கும் விடை தரும். முடியெல்லைக்கும் கழுத்து தோளோடு சேரும் இடத்துக்கும் இடையே 2 கட்டம். மூக்கு அதன் நடுவில், 17ஆம் கோட்டில் வரும். ஆணின் தோளகலம் ஏறத்தாழ 6 கட்டம். 64 பிக்சல் அகலத்தில் இரு தோள்களும் முழுதாக வர வேண்டுமானால் ஒரு கட்டத்துக்கு 10 பிக்சல்தான் கிடைக்கும். முகத்துக்கு மிஞ்சுவது 20 பிக்சல். அதில் கண்மையும் புருவமும் இடிக்காமல் நிற்பது கடினம். தோளை விளிம்பில் வெட்டிவிட்டு, கட்டத்துக்கு 16 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் முகம் 32 பிக்சல் உயரமாகும். மேலே மகுடத்துக்கும் இடம் இருக்கும். என்னிடம் வந்த நான்கு கோப்புகளில் இரண்டில் தோள் முழுதாக இருந்தது. முகத்தில் கண் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருந்தது.

எனவே கோப்பைத் திறக்கும் முன், படம் எங்கே, எத்தனை பிக்சலில், எத்தனை மடங்கில் காட்டப்படும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவு மாறக்கூடும் என்று யாராவது இழுத்தால், அது முடிவாகும்வரை தலைத்துணியில் வரி போடாதீர்கள்.

கண்ணைச் சுற்றி வேலி போடுவது

எகிப்தியர் கண்மைக்குக் கலீனா என்னும் ஈயத் தாதுவின் கருமையையும், பழைய காலத்தில் மாலக்கைட்டின் பச்சையையும் பயன்படுத்தினார்கள். கண்மை என்றதும் புதியவர்கள் கண்ணைச் சுற்றி முழுக் கறுப்பில் ஒரு வளையம் போடுகிறார்கள். விழியும் கறுப்பு, மேலிமையும் கறுப்பு, கீழிமையும் கறுப்பு. ஐந்து பிக்சல் அகலக் கண்ணில் வெள்ளைக்கு இடம் எங்கே இருக்கிறது? மேலிமைக் கோட்டுக்கு மட்டும் கறுப்பை வையுங்கள். கீழ்க்கோட்டுக்கு அடர்பழுப்புப் போதும். விழியின் இரு பக்கமும் ஒரு பிக்சலாவது வெண்மை தெரிய வேண்டும். அந்த வெண்மையும் சுண்ணாம்பு வெள்ளையாக இல்லாமல் சற்று மஞ்சளோடியிருந்தால் முகத்தோடு பொருந்தும்.

மையின் வால் காதை நோக்கிக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் போகும். புருவத்தின் வாலும் அதற்கு இணையாகப் போகும். நால்வரும் அதை மேல்நோக்கி வளைத்திருந்தார்கள். அது திரைப்பட ஒப்பனை தந்த பழக்கம். இருவர் கண்ணுக்குக் கீழே ஒரு துளியும் ஒரு சுருளும் சேர்த்திருந்தார்கள். அந்தக் குறிகள் ஹோரஸ் கண் என்னும் காப்புச் சின்னத்தில் வருபவை. வல்லூறின் முகக்குறியிலிருந்து பிறந்தவை. மனித முகத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

தோல்நிறத்தை ஊகிப்பது

சுவர்களிலும் சிலைகளிலும் ஆண்களுக்குச் செங்காவிப் பழுப்பும் பெண்களுக்கு வெளிர்மஞ்சளும் பூசுவது நெடுங்கால மரபு. மெய்டூமில் 1871இல் கிடைத்த, நான்காம் அரசமரபைச் சேர்ந்த ராஹோடெப், நோஃப்ரெட் இணையரின் சிலைகளைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இது ஓவியரின் மரபேயன்றி மக்களின் நிறத்தைக் காட்டும் நிழற்படம் அன்று. மறுமையின் தெய்வமான ஒசைரிஸுக்குப் பச்சை பூசியதும் அதே மரபில்தான். உங்கள் படம் சுவரோவியப் பாணி என்றால் இந்த மரபைப் பின்பற்றுங்கள். நேர்முகம் என்றால் ஃபாயும் முகங்களின் பல்வேறு பழுப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் மணல்நிற வண்ணத்தட்டை அப்படியே ஊற்றுவதுதான் தவறு; தோலும் பின்னணியும் ஒரே மஞ்சளாகி, முகம் பாலைவனத்தில் கரைந்துவிடும்.

தங்கத்தை மஞ்சளாக வரைவது

துட்டன்காமூன் முகமூடியின் எடை ஏறத்தாழ 10 கிலோ. அதன் நெமெஸில் ஓடும் நீல வரிகள் நீலக்கல்லைப் போலத் தோற்றமளிக்கும் நீலக் கண்ணாடி. தங்கத்தைத் தங்கமாகக் காட்டுவது மஞ்சளின் அளவு அன்று, இருளிலிருந்து ஒளிக்கு அது தாவும் வேகம். ஏழெட்டு மஞ்சள்களை ஓரத்திலிருந்து நடுவுக்குப் படிப்படியாக அடுக்கினால் தலையணைதான் கிடைக்கும். செம்பழுப்பு, ஒரு நடுமஞ்சள், கிட்டத்தட்ட வெண்மையான ஒரு மஞ்சள் ஆகிய மூன்றே போதும். கடைசி நிறத்தை ஒளி விழும் விளிம்பில் இரண்டு மூன்று பிக்சலுக்குமேல் வைக்காதீர்கள்.

எல்லோருக்கும் நெமெஸ் அணிவிப்பது

அது அரசருக்கு மட்டும் உரியது. எழுத்தருக்கும் இசைக்காரிக்கும் பொய்முடி போடுங்கள்.

தாடி

உயிரோடு இருக்கும் அரசருக்கு நேரானது, தெய்வத்துக்கும் ஒசைரிஸாகிவிட்ட இறந்த அரசருக்கும் நுனி வளைந்தது.

பின்னணியில் பிரமிடு

பெரிய பிரமிடைக் கட்டிய குஃபுவுக்கும் துட்டன்காமூனுக்கும் இடையே 1,200 ஆண்டுகளுக்குமேல் இருக்கின்றன. வேண்டாம்.

அலங்காரத்துக்குச் சித்திர எழுத்து

வாசிக்கத் தெரியாவிட்டால் எழுதாதீர்கள். எழுதத்தான் வேண்டுமென்றால், முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே பறவைக் குறிகளும் பார்க்க வேண்டும்.

பாதி முகத்தை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப்பிரதி எடுப்பது

ஏஸ்பிரைட், பிஸ்கெல் என்னும் பிக்சல் வரைமென்பொருள்கள் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. நேர்முகம் வரைவோர் எல்லோரும் அதை அழுத்துகிறார்கள். 64 என்பது இரட்டை எண் என்பதால் நடுக்கோடு இரண்டு பிக்சலுக்கு இடையில் விழும். மூக்குத்தண்டும் தாடியும் தாமாகவே இரட்டை அகலம் பெறும். அது வேண்டாமென்றால் 63 அகலத்தில் வரையுங்கள். பெரிய சிக்கல் நெற்றியில் இருக்கிறது. துட்டன்காமூன் முகமூடியின் நெற்றியில் பிணந்தின்னிக் கழுகும் நாகமும் அருகருகே இருக்கின்றன. அவை மேல் எகிப்தையும் கீழ் எகிப்தையும் காக்கும் இரு தெய்வங்கள். நாகம் இருக்கும் பாதியைப் பிரதியெடுத்தால் கழுகு மறைந்து இரண்டு நாகங்கள் நிற்கும்.

நால்வரில் ஒருவருடைய துட்டன்காமூன் சரியாக அப்படித்தான் வந்திருந்தார். அரசர்களில் நெற்றியில் இரட்டை நாகம் அணிவதைத் தம் அடையாளமாகக் கொண்டவர்கள், எகிப்தை ஆண்ட 25ஆம் அரசமரபின் குஷ் மன்னர்கள்; தெற்கே, இன்றைய சூடான் பகுதியிலிருந்து வந்தவர்கள். நாகங்களை அழிக்க வேண்டாம், நெமெஸை எடுத்துவிட்டு அந்த மன்னர்கள் பெரிதும் விரும்பிய, தலையோடு ஒட்டிய தொப்பியை வைத்து, கோப்பின் பெயரை அவர்களில் ஒருவரான தஹார்கா என்று மாற்றிவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். மறுநாளே திருத்தி அனுப்பினார். நான்கில் அதுதான் இப்போது நன்றாக இருக்கிறது.