'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா? ஒரு சொல்லின் பல பொருளைப் பிடிக்கும் முறை

மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பையன் ஒருவன், 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்' என்ற வாக்கியத்துக்கு 'அவள் பள்ளிக்கு ஓடுகிறாள்' என்று எழுதியிருந்தான். அவன்மேல் தப்பில்லை. 'ரன் என்றால் ஓடு' என்பதோடு நாம்தான் நிறுத்திவிட்டோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் போனது.

645ஐயும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பொருளைக் கண்டுபிடிக்கும் வழி தெரிந்தால் போதும். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் தமிழ் 'ஓடு'வை எழுதுங்கள்

அகராதியைத் திறக்கும் முன், நம் வீட்டில் எதெல்லாம் 'ஓடுகிறது' என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பஸ் ஓடுகிறது. மோட்டார் ஓடுகிறது. ஆறு ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் 'ரன்'தான். ஆக, பாதிப் பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

எதிர்ப்பக்கத்தில், இரண்டு மொழியும் பிரிகிற இடங்களை எழுதுங்கள். நமக்கு மூக்கு ஒழுகும், அவர்களுக்கு மூக்கு 'ரன்' ஆகும். துவைத்தால் நமக்குச் சாயம் போகும், அங்கே நிறம் 'ரன்' ஆகும். நமக்குக் காய்ச்சல் அடிக்கும், அவர்கள் காய்ச்சலை 'ரன்' செய்வார்கள். நேரம் செலவழிக்க வேண்டியது இந்தப் பக்கத்தில்தான்.

தேர்தலையும் இங்கேயே எழுதிவையுங்கள். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்வார். பிரிட்டனில் அதே வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்வார். நாமும் 'தேர்தலில் நிற்கிறார்' என்றுதானே சொல்கிறோம்? ஒரே வேலைக்கு ஒரு ஊரில் ஓட்டம், இன்னொரு ஊரில் நிற்றல். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

படி 2: ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா?

என்னைக் கேட்டால், இதுதான் முக்கியமான படி. 'ரன்'னுக்குப் பின்னால் 'எதை?' என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அது பெரும்பாலும் 'ஓடு' பக்கம். பதில் கிடைத்தால் 'ஓட்டு' அல்லது 'நடத்து' பக்கம்.

பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் தனித்தனிச் சொற்களாக இருந்தன. தானாக ஓடுவதற்கு 'ரின்னன்', ஓடச் செய்வதற்கு 'ஆர்னன்'. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. தமிழில் ஓடு, ஓட்டு என்று இன்றைக்கும் பிரிந்தே நிற்பதால், ஆங்கிலம் கலைத்துவிட்டதை நம்மால் சுலபமாகப் பிரித்துப் பார்க்க முடியும்.

'ரன்ஸ் எ ஸ்கூல்' என்பதில் எதை? பள்ளியை. எனவே நடத்துகிறார். பள்ளிக்கு ஓடியிருந்தால் நடுவில் 'டு' வந்திருக்கும். 'ரன் த டேப்' என்றால் குழாயைத் திறந்துவிடு. பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' செய்தால், வெளியிட்டது என்று பொருள்.

படி 3: பக்கத்துச் சொற்களைப் பாருங்கள்

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் சரியானதை எப்படித் தெரிந்துகொள்வது என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது: அதோடு வரும் வினை, இனம், சார்பு இவற்றைப் பார் என்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா கனைத்தது' என்றால் குதிரை. அங்கே சொல்லப்படுவது பெயர்ச்சொல். வினைச்சொல்லுக்கு அதைத் திருப்பிப் போட்டு, எழுவாயையும் பின்னால் வரும் குட்டிச்சொல்லையும் பாருங்கள்.

'ரன் இன்டு' வந்தால் எழுவாயைப் பாருங்கள். லாரி சுவரை 'ரன் இன்டு' செய்தால் மோதிவிட்டது. நீங்கள் கடைத்தெருவில் உங்கள் டீச்சரை அப்படிச் செய்தால், தற்செயலாகச் சந்தித்தீர்கள், அவ்வளவுதான். 'ரன் அவுட்' என்றதும் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அதோடு 'ஆஃப்' சேர்ந்து 'ரன் அவுட் ஆஃப் மில்க்' என்றால், பால் தீர்ந்துவிட்டது. 'ரன் ஓவர்' என்றால் பெரும்பாலும் வண்டி ஏறிவிட்டது. கூட்டம் 'ரன் ஓவர்' ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட ஜோடிகளை வாக்கியத்தோடு எழுதுங்கள். தனிச்சொல்லாக எழுதினால் ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

படி 4: இணைச்சொல்லை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

பொருள் பிடிபட்டதா என்று தெரிந்துகொள்ள, 'ரன்'னை எடுத்துவிட்டு அதே பொருள் தரும் வேறு சொல்லை, அதாவது இணைச்சொல்லை, வையுங்கள். பள்ளிக்கு 'மேனேஜ்' பொருந்தும். ஆற்றுக்கு 'ஃப்ளோ'. இயந்திரத்துக்கு 'ஒர்க்'. ஆற்றுக்கு 'மேனேஜ்' போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். அப்படி உடைந்தால் படி 2க்குத் திரும்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. இணைச்சொல் என்று பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒன்றுக்கொன்று சமம் அல்ல. காலால் ஓடுவதிலேயே எத்தனை வகை! 'ஜாக்' என்பது நிதானமான ஓட்டம், காலையில் மைதானத்தில் பார்ப்பது. 'ஸ்பிரின்ட்' என்றால் 100 மீட்டர் பந்தயம் போல, உயிரைக் கொடுத்து ஓடும் குறுகிய ஓட்டம். 'டேஷ்' என்றால் சட்டென்று பாய்ந்து ஓடுவது. 'ஃப்ளீ' என்றால் ஆபத்துக்குத் தப்பி ஓடுவது. 'தாத்தா பூங்காவில் ஃப்ளீ செய்தார்' என்று எழுதினால், அவரை எது துரத்தியது என்று கேட்பார்கள். அதனால் இணைச்சொல்லைப் பட்டியலிலிருந்து நேராக எடுத்துவைக்காதீர்கள். அது வருகிற இரண்டு வாக்கியங்களையாவது படித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

படி 5: நீங்களே செய்து பாருங்கள்

மூன்று வாக்கியங்கள் தருகிறேன்.

'த லீஸ் ரன்ஸ் ஃபார் லெவன் மன்த்ஸ்.'
'டயாபடீஸ் ரன்ஸ் இன் த ஃபேமிலி.'
'ஹி ரேன் எ கோம்ப் த்ரூ ஹிஸ் ஹேர்.'

முதலாவது, வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம் செல்லும். நம் ஊரில் வாடகைக்கு வீடு எடுத்தவர்களுக்குப் பழக்கமான கணக்கு. அடுத்த இரண்டையும், 'எதை?' என்று கேட்டு நீங்களே பிரியுங்கள். ஒன்று 'ஓடு' பக்கம், ஒன்று 'ஓட்டு' பக்கம்.

அந்தப் பையனும் இதையெல்லாம் செய்தான். கடைசியில் தன் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு, 'அவர் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார்' என்று எழுதினான். 'அவள்' என்றிருந்ததை 'அவர்' என்று மாற்றச் சொல்லி நான் சொல்லவே இல்லை.