காயம் ஆறுவதற்குள் அடிக்க வேண்டிய மனு

கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். "ஸ்டேஷன்ல அடிச்சுட்டாங்கக்கா" என்று வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, "ஏ.ஆர். காப்பி இருக்கா?" அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் குறித்துவைக்கும் விபத்துப் பதிவேட்டின் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) நகல்தான் அது. பல பேரிடம் இருக்காது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பத்து நாள் கழித்து வந்திருப்பார்கள்.

போன வருஷம் ஒரு லோடுமேன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகில் தண்டவாளம் மாதிரி இரட்டைச் சிவப்புக் கோடு, நடுவில் வெளுப்பு. லத்தி விழுந்தால் அப்படித்தான் பதியும். நாள் ஆக ஆகக் கலைந்து மஞ்சளாகிவிடும், அப்புறம் யார் நம்புவார்? மனுவை அப்படியே விட்டு அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாக்டரிடம் வெட்கப்பட்டு "வழுக்கி விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார், எதால், எங்கே அடித்தார்கள் என்று சொன்னால்தான் பதிவேட்டில் ஏறும். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

மனுவில் "கொடூரமாகத் தாக்கினார்கள்" என்று எழுதச் சொன்னால் நான் அடிப்பதில்லை. எத்தனை மணி, எந்த அறை, எத்தனை அடி, பக்கத்தில் யார் இருந்தது? ஏட்டின் பெயர் தெரியாவிட்டால் உயரம், மீசை, என்ன சொல்லித் திட்டினார் என்று எழுதலாம்.

அடுத்தது ஸ்டேஷன் சிசிடிவி. பதிவை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் ஜூனில், போலீஸ் அடித்துத் தந்தையும் மகனும் இறந்த சம்பவத்தில், சாத்தான்குளம் ஸ்டேஷனில் ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அதனால் தேதி, நேரம் போட்டு, பதிவை உடனே வரவழைக்க வேண்டும் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

எஸ்.பி.க்கு மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் அதே சப்-டிவிஷன் டி.எஸ்.பி. மேஜைக்குத்தான் வரும். சென்னையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்புங்கள். கட்டணம் கிடையாது, ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும். டெல்லியில் இருக்கும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். ஒன்றில் நிலுவையில் இருப்பதை மற்றது எடுக்காது. ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவிலும் போலீஸ்காரர்கள்தான், அதை மறைப்பானேன். ஆனாலும் உங்களை அடித்த ஸ்டேஷன் ஆட்கள் இல்லை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஜெயில் தண்டனைக்கு மட்டும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

மனு போன கொஞ்ச நாளில் தெரிந்தவர் மூலமாகச் சமாதானப் பேச்சு வரும். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். ஏ.ஆர். காப்பி, போட்டோ, ஸ்பீடு போஸ்ட் ரசீது எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ் எடுங்கள். ஒரு செட் உங்கள் வீட்டில் வேண்டாம், கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில் இருக்கட்டும்.