பித்தர்கனிகா முதலைக் காப்பகம்: போகிற நம்மவர்கள் விடக்கூடாத பிழைகள்

வன்னியில் குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு முதலை புதிதில்லை. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் அலைகரையில் வாய் பிளந்து கிடப்பதைச் சின்ன வயதிலேயே பார்த்திருப்போம். இந்தியாவுக்குப் போகிற நம்மவர்கள் ஒடிசாவின் பித்தர்கனிகா வரைக்கும் போனால் விடுகிற முதல் பிழை இதிலிருந்துதான் வருகிறது: முதலைதானே, நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

நம் குளங்களில் இருப்பது நன்னீர் முதலை. கோடையில் குளம் வற்றினால் வளை தோண்டிப் படுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அடுத்த குளத்துக்கு நடந்துபோகும். பிராமணி, பைதரணி ஆறுகள் கடலில் சேர்கிற அந்தக் கண்டல் காட்டில் இருப்பதோ உவர்நீர் முதலை. ஆண் முதலை ஆறு மீற்றர் நீளம்கூட வளரும், ஆட்களைத் தாக்குகிற ஆபத்தும் இதனிடம் கூடுதல். அந்த ஊர்ச் சனமே குளிக்கிற துறைகளைச் சுற்றி வேலி அடைத்து வைத்திருக்கிறது. வள்ளத்திலிருந்து கையைத் தண்ணீரில் விடாதீர்கள், வற்று நேரத்தில், அதாவது கடல் நீர் இறங்குகிற நேரத்தில், படம் எடுக்கிறேன் என்று சேற்றில் இறங்காதீர்கள், பிள்ளைகளை ஓரத்தில் தனியே நிற்க விடாதீர்கள்.

அடுத்தது காலம். மே முதல் யூலை முடியும்வரை பூங்காவை மூடிவிடுவார்கள், ஏனென்றால் அது முதலை கூடு கட்டுகிற காலம். நம் குளத்து முதலை மண்ணில் குழி தோண்டி முட்டையிடும். இது இலை, புல், சேறு எல்லாவற்றையும் குவித்து மேடு கட்டி, அதற்குள் ஐம்பது முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் பக்கத்திலேயே காவல் கிடக்கும். குவித்த இலை அழுகும்போது உண்டாகிற சூடும் முட்டைக்கு உதவுகிறது, அந்தச் சூட்டின் அளவைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகும். ஆள் நடமாட்டத்தால் தாய் விலகினால் கபரக்கொயா என்கிற பெரிய நீர் உடும்பு வந்து முட்டையைக் கிண்டித் தின்றுவிடும். அதனால், எப்படியாவது உள்ளே போக வழி இருக்கிறதா என்று அந்த மாதங்களில் யாரையும் கேட்டுத் திரிய வேண்டாம். ஓகஸ்ட் விடுமுறையில் போனால் அங்கே பருவமழை. டிசம்பர் என்றதும் நமக்கு மாரி நினைவுக்கு வரும், ஆனால் அங்கே அது மழை விட்ட குளிர்காலம், வெயில் காய முதலைகள் சேற்றுக்கு ஏறிவருகிற நல்ல நேரம்.

சரி, பூங்காவுக்குள் டாங்மால் என்ற இடத்தில் உள்ள முதலைக் காப்பகத்துக்கு வருவோம். சென்னையில் மாமல்லபுரம் போகிற வழியில் முதலைப் பண்ணையைப் பார்த்தவர்கள் இதையும் அப்படி ஒன்று என்று நினைத்து, வெளிர்நிறமான கோரி என்ற பெண் முதலையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1975இல் இந்த வேலை தொடங்கியபோது அந்த ஆறுகளில் நூறு முதலைகூட இல்லை. காட்டுக் கூடுகளிலிருந்து முட்டை எடுத்து, பொரிக்க வைத்து, ஒரு மீற்றருக்கு மேல் வளர்த்து ஆற்றில் விட்டார்கள். இன்றைக்குக் கணக்கெடுப்பில் 1,800ஐத் தாண்டிவிட்டது. எனவே குட்டிகளை வளர்க்கிற தொட்டிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முதலை அசையவில்லை என்று கை தட்டுவதும் கல் எறிவதும் மகா பிழை. அது வெயிலில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு கிடக்கிறது, வாயைத் திறந்திருப்பது பெரும்பாலும் சூட்டைத் தணிக்க.

முதலையை மட்டும் தேடிக்கொண்டு கண்டலைப் பார்க்காமல் வருவதும் இழப்புத்தான். 1999 ஒக்ரோபரில் பெரும் புயல் அடித்தபோது, அந்த மாவட்டத்தில் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் கண்டல் அகலமாக நின்ற ஊர்களில் சாவு குறைவாக இருந்ததாகப் பின்னால் ஆய்வுகள் காட்டின. சுனாமியில் முல்லைத்தீவு பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாயாற்றிலும் கொக்கிளாயிலும் மிஞ்சியிருக்கிற கண்டலை விறகாகப் பார்க்கிறவர்கள் ஒருதரம் அங்கே போய்வந்தால் நல்லது.

போகிற வழி: சென்னையிலிருந்து ரயிலில் பத்ரக், அங்கிருந்து சாந்த்பாலிக்கு றோட்டு, அப்புறம் வள்ளம். கடவுச்சீட்டையும் வீசாவையும் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமும் வேறு. வள்ளம் பேசும்போது விலையை மட்டும் கேட்காமல் அன்றைக்கு வற்று எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். பெருக்கு நேரத்தில் போனால் சேற்றுக்கரையெல்லாம் தண்ணீருக்குள் இருக்கும், முதலையும் கண்ணில் படாது.