பாலக்காட்டில் வீடு, கோவையில் வேலை

எனக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை, மனைவிக்குக் கோவையில். இப்படி எல்லைக்கு இரண்டு பக்கமும் பிழைப்பை வைத்துக்கொண்டு பாலக்காட்டில் வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாடகையைக் கேட்பதற்கு முன் ரயில் நிலையத்தைக் கேளுங்கள். இங்கே இரண்டு உண்டு. ஊருக்குள் இருக்கும் டவுன் ஸ்டேஷன் பொள்ளாச்சிப் பாதையில் இருக்கிறது. கோவைக்குப் போகும் ரயில்களில் பெரும்பாலானவை வருவது ஒலவக்கோட்டில் உள்ள ஜங்ஷனுக்கு. இது தெரியாமல், வாடகை குறைவு என்று டவுன் ஸ்டேஷன் பக்கம் வீடு பிடித்தோம். மிச்சம் பிடித்ததெல்லாம் தினமும் காலையில் ஆட்டோவுக்கே போனது. இரவு ரயிலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வாளையார் காட்டில் யானை தண்டவாளம் கடக்கும் என்பதால் மெதுவாகத்தான் விடுவார்கள். கோவை உக்கடத்திலிருந்து பஸ் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். வீட்டுக்கார சேச்சி "இவிடெ வெள்ளம் உண்டு" என்றதும் என் மனைவி ஒரு அடி பின்னால் போனாள். 2018 வெள்ளத்தை டிவியில் பார்த்தவள் அல்லவா! இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, "ஏப்ரலில் வெள்ளம் உண்டோ?" என்பதுதான். ஜூலையில் வீடு பார்த்தால் எல்லாக் கிணறும் நிரம்பித்தான் இருக்கும். கிழக்கே கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் மழை குறைவு. அங்கே வீடு பார்த்தால் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். அந்தப் பக்கம் தமிழிலேயே கேட்கலாம், தமிழ் மீடியம் பள்ளிகளும் உண்டு.

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும், அதற்காக இந்த ஏற்பாடு. மலையாளத்தில் எழுதியிருந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வரிக்கு வரி கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. காலி செய்யும்போது பெயிண்ட் செலவு அட்வான்ஸில் கழிந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதியிருந்ததாம்.

நம் ஊரைப் போல எல்லோருக்கும் 100 யூனிட் கரண்ட் இலவசம் என்பது இங்கே கிடையாது. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். பாலக்காட்டு வெயிலில் ஃபேனை நிறுத்த முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

குப்பை விஷயத்தில் நம் பழக்கம் செல்லாது. உள்ளாட்சிக்காகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கே வந்து பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்வார்கள். அதற்கு மாதக் கட்டணம் உண்டு. பால் கவரைக் கழுவி, காயவைத்துத்தான் தர வேண்டும். முதல் மாதம் எண்ணெய்ப் பிசுக்கோடு நீட்டினேன். வந்த சேச்சி கோபப்படவில்லை, என்னையே குழாயடிக்கு அனுப்பினார். இப்போது எங்கள் வீட்டுக் கொடியில் சட்டைக்குப் பக்கத்தில் பால் கவரும் தொங்குகிறது.

தமிழ்நாட்டு நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டும். முதலில் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்குங்கள். அதற்கே ஒரு நாள் லீவு போகும்.

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாலக்காடு உள்ளிட்ட எல்லை மாவட்டங்களுக்கு அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. கம்பெனி விடுமா என்பதைக் கம்பெனியில்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, கிழக்குப் பார்த்த பால்கனி உள்ள வீடாக இருந்தால் கிளிப் நிறைய வாங்கி வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக அடிக்கும் காற்று லேசுப்பட்டதல்ல. எங்கள் போர்வை ஒன்று இன்னும் பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில்தான் இருக்கிறது.