கொல்லம் முதல் கோட்டப்புரம் வரை: நீண்ட படகுப் பயணத்தை எழுதுவது எப்படி

கேரளத்தில் கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரை நீர்வழியில் 168 கிலோமீட்டர். 1993-ல் மூன்றாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்ட பாதை. ஒரு ஜனவரி மாதம், சின்ன மரவள்ளத்தில் (வள்ளம் என்றால் படகு), அறுபதைத் தாண்டிய வள்ளக்காரச் சேட்டன் ஒருவரோடு பதினோரு நாளில் அதைக் கடந்தேன். நாகர்கோவில்காரி என்பதால் மலையாளம் காதுக்குப் பழக்கம். திரும்பி வந்து பயணத்தைத் தொடராக எழுதினேன். படித்தவர்களில் சிலர் தாங்களும் இப்படிப் போய் எழுத வேண்டும் என்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதல் பகுதியை வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். ஏன் போகிறீர்கள், என்ன வள்ளம், எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று. போய்வந்த பிறகு அந்தப் பயம் ஞாபகத்துக்கு வராது.

அப்புறம் நோட்டு. பேனா வேண்டாம், பென்சில். ஈரம் பட்டால் மை பரவிவிடும். மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் நோட்டைப் போட்டு, டப்பாவைக் கயிற்றால் வள்ளத்தோடு கட்டிவிடுங்கள். காயங்குளம் காயலில் (காயல் என்றால் கடலையொட்டிய உப்பங்கழி) ஒரு பெரிய படகு எழுப்பிய அலையில் என் கைபேசி தண்ணீருக்குள் போய்விட்டது. மூன்று நாள் படங்கள் அதோடு போயின. தொடரின் முதல் நான்கு பகுதிகளை அந்த நோட்டை வைத்துத்தான் எழுதினேன்.

வள்ளம் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு வரி போதும். நேரம். இடம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, என்ன நிறம், உப்பா நன்னீரா. காதில் விழுந்த ஒரு வாக்கியம், சொன்னபடியே. 'அழகான காலை' என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. திருக்குன்னப்புழை லாக்கில் (படகை ஏற்றி இறக்க, கதவுகளுக்கிடையே நீர்மட்டத்தை மாற்றும் அமைப்பு) கதவு திறக்கக் காத்திருந்தபோது 'பாசி, முழங்கை உயரத்துக்கு ஈரக்கோடு' என்று குறித்திருந்தேன். அந்த நான்கு சொல்லைப் படித்ததும் லாக்குக்குள் தண்ணீர் ஏறி இறங்கியது முழுவதும் திரும்பி வந்தது.

தண்ணீரைப் பற்றிய வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். சாலைப் பயணத்தில் சாலையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். படகில் எல்லாமே தண்ணீர் வைத்த சட்டம். தண்ணீர்முக்கத்துக்கு முந்தைய நாள் சேட்டன் துழையை (துடுப்பை) மடியில் வைத்துக்கொண்டு, "வெள்ளம் நின்னுபோயி மோளே" என்றார், தண்ணீர் ஓடாமல் நின்றுவிட்டது மகளே என்று. கடலின் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. ஆகாயத்தாமரை காயல் மேல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. கழுக்கோலை ஊன்றி ஊன்றித்தான் நகர்ந்தோம்.

காரணம் தண்ணீர்முக்கம் தடுப்பணை. வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே, 1976 முதல் செயல்பாட்டில் இருக்கிறது. குட்டநாட்டு நெல்வயல்கள் கடல்மட்டத்துக்கும் கீழே இருப்பவை. உப்புநீர் ஏறாமல் இருக்க, பொதுவாக டிசம்பரில் ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். அணைக்குத் தெற்கே ஒரு வரப்பில் அமர்ந்து பேசிய விவசாயி, ஓருவெள்ளம் (உப்புநீர்) வந்தால் எங்கள் கதை முடிந்தது என்றார். அன்றிரவே 'குட்டநாட்டைக் காக்கும் அணை' என்று நான்கு பக்கம் எழுதிவிட்டேன். மறுநாள் லாக் வழியாக வடக்கே போனோம். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. அங்கே கக்கா (சிப்பி) அள்ளிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், உப்பு ஏறாவிட்டால் கக்கா பெருகாது, ஷட்டர் மூடிய நாளெல்லாம் எங்களுக்கு நஷ்டம்தான் என்றார். நான்கு பக்கத்தையும் கிழிக்கவில்லை. கீழே இதைச் சேர்த்தேன். அந்தப் பகுதிதான் என் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

அதனால்தான் சொல்கிறேன், அன்றன்றைக்கு எழுதுங்கள், ஆனால் அன்றன்றைக்கு வெளியிடாதீர்கள். குறைந்தது ஒரு வாரமாவது பின்தங்கி வரட்டும். தனியாகப் போகிற பெண்களுக்கு இதில் பாதுகாப்பும் இருக்கிறது. இன்றிரவு எந்தக் கடவில் (படகுத்துறையில்) வள்ளம் கட்டியிருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

பகுதிகளை நாள் கணக்கில் பிரிக்க வேண்டாம். 'நாள் 5, நாள் 6' என்று போனால் எழுதுகிறவருக்கே சலித்துவிடும். தண்ணீர் மாறுகிற இடத்தில் வெட்டுங்கள்: அஷ்டமுடிக் காயல் ஒன்று, குறுகலான வாய்க்கால்கள் ஒன்று, வேம்பநாட்டுக் காயல் ஒன்று.

வரலாறு வரும், வள்ளம் தொடுகிற இடத்தில் மட்டும் சொல்லுங்கள். வைக்கம் ஜெட்டியில் இறங்கியபோது, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்க உரிமை கேட்ட 1924-ஆம் ஆண்டுப் போராட்டத்தையும், அதற்காகப் பெரியார் சிறைசென்றதையும் எழுதாமல் என்னால் நகர முடியவில்லை. ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டு, அந்தத் தெருக்களில் நான் நடந்ததை எழுதினேன்.

படம் எடுப்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். வாய்க்கால் ஓரத்துப் படித்துறைகள் அந்த வீட்டுக்காரர்களின் குளியலறை, பாத்திரம் கழுவும் இடம். நாம் அவர்கள் முற்றத்தின் வழியே போகிறோம். கேமராவைக் கீழே வைத்துவிட்டு முதலில் கையசையுங்கள். கேட்டு எடுத்த படத்தை மட்டும் போடுங்கள். பேசியவர்களின் பெயரைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

கடைசிப் பகுதி கோட்டப்புரம் வந்து சேர்ந்த மகிழ்ச்சியோடு முடிந்துவிடக் கூடாது. அடுத்து வருகிறவருக்கு வேண்டிய கணக்கைக் கொடுங்கள்: வள்ள வாடகை, சேட்டனுக்குக் கொடுத்த கூலி, எந்தக் கடவில் குடிநீர்க் குழாய் இருந்தது, எங்கே ஆகாயத்தாமரையில் சிக்கி எத்தனை மணி நேரம் போனது, எந்தப் பாலத்தடியில் வள்ளம் கட்ட நிழல் கிடைத்தது.